பனிப் புயலில் வந்தார். 30 ஆண்டு பிரியவில்லை!

சீமான் வீட்டுப் பிள்ளைக்கும் ஏழைத் தெரு வாலிபருக்கும் ஏற்பட்ட காதல்

1898-ம் ஆண்டு. குளிர்காலம்.

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில் ஒரு மலைப்பாதை. பனிப் புயல் அடித்துக் கொண்டிருந்தது. பாதை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. எங்கும் ஒரே வெள்ளை.

அந்தப் பனியில் ஒரு கைவண்டி வந்து கொண்டிருந்தது. வண்டியில் மூட்டை முடிச்சுகள். அதைக் கொண்டு வந்தவர், ஏறத்தாழ 30 வயது வாலிபர். ஷெப்பீல்டு நகரத்தில் இருந்து 8, 9 மைல் தூரம் வந்திருந்தார்.

அவருக்கு என்று உலகத்தில் இருந்த சாமான் எல்லாம் அந்த வண்டிக்குள் அடங்கி விட்டது.

மில்தார்ப் என்ற சிற்றூரில் ஒரு வீட்டின் முன் வண்டி நின்றது. உள்ளே 53 வயதுப் பெரியவர் ஒருவர் காத்திருந்தார். கதவைத் திறந்தார். வாலிபர் உள்ளே போனார்.

போனவர் போனவர்தான். அதன் பிறகு அவர்களைச் சாவு ஒன்றுதான் பிரித்தது!

பெரியவரின் பெயர், எட்வர்டு கார்ப்பென்டர். பணக்காரக் குடும்பம். கேம்பிரிட்ஜில் படித்தவர். எழுத்தாளர்.

வாலிபரின் பெயர், ஜார்ஜ் மெரில். ஏழை. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை.

இருவரும் ஆண்கள். இருவரும் காதலர்கள்!

பணக்கார வீடு

கார்ப்பென்டர் 1844-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி பிறந்தார். பிரைட்டன் நகரத்தை ஒட்டிய ஹோவ் என்ற கடற்கரை ஊர், அவர் பிறந்த இடம்.

தகப்பனார் கடற்படையில் இருந்து விட்டுப் பிறகு வக்கீலுக்குப் படித்தவர். கம்பெனிப் பங்குகளில் பணம் போட்டிருந்தார். வட்டியும் லாபமும் வீடு தேடி வந்தன. உட்கார்ந்து சாப்பிடலாம். சமையலுக்கு ஆள், கதவு திறக்க ஆள் என்று வீடு நிறைய வேலைக்காரர்கள்.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். கேம்பிரிட்ஜுக்குப் போனார். கணக்கில் உயர்ந்த தேர்ச்சி பெற்றார். 1868-ம் ஆண்டு முதல் 10 பேரில் ஒருவராகத் தேறினார். கல்லூரியிலேயே நல்ல பதவி கிடைத்தது. கிறிஸ்தவப் பாதிரியாராகவும் ஆனார்.

பணம் இருந்தது. படிப்பு இருந்தது. பதவி இருந்தது. இன்னும் என்ன வேண்டும்?

ஆனால், அவருக்கு மனநிம்மதி இல்லை.

காரணம், மற்ற வாலிபர்கள் பெண்களைக் கண்டு மயங்கினார்கள். அவர் மனம் ஆண்களையே நாடியது. சிறு வயதில் இருந்தே அப்படித்தான். இதை யாரிடம் சொல்வது? தாயாரிடம் சொல்ல முடியுமா? தேவாலயத்தில் சொல்ல முடியுமா?

இப்படிப்பட்டவர்களை இப்போது தன்பால் ஈர்ப்பு உள்ளவர்கள் என்று சொல்கிறோம். அது நோயும் அல்ல, குற்றமும் அல்ல என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அதற்கு ஒரு நல்ல பெயர்கூடக் கிடையாது. சட்டத்தில் மட்டும் பெயர் இருந்தது. அது குற்றத்தின் பெயர்!

பதவியை உதறினார்

1874-ம் ஆண்டு கார்ப்பென்டர் பாதிரியார் வேலையை விட்டார். கேம்பிரிட்ஜை விட்டும் கிளம்பினார்.

"கல்லூரிக்கு வர முடியாத ஏழைகளுக்கு நாமே போய்ப் பாடம் சொல்லலாம்" என்று எண்ணினார். ஊர் ஊராகப் பாடம் நடத்தும் ஒரு திட்டம் அப்போது தொடங்கியிருந்தது. அதில் சேர்ந்தார். வட இங்கிலாந்துக்குப் போனார்.

அது ஆலைகள் நிறைந்த பகுதி. புகைக்கூண்டுகள் வானத்தை மறைத்தன. லீட்ஸ், நாட்டிங்காம், ஷெப்பீல்டு என்று நகரம் நகரமாகப் போய் வானநூலும் இசையும் கற்றுக் கொடுத்தார்.

அங்கேயும் ஏமாற்றம்! தொழிலாளிகள் வருவார்கள் என்று எதிர்பார்த்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள். பகல் முழுவதும் இரும்பு அடித்தவனுக்கு இரவில் பாடம் கேட்கத் தெம்பு ஏது?

"தொழிலாளிகள் நம்மிடம் வரவில்லை. நாம் அவர்களிடம் போக வேண்டும்" என்று முடிவு செய்தார்.

1882-ம் ஆண்டு தகப்பனார் இறந்தார். சொத்தில் பங்கு வந்தது. அந்தப் பணத்தில் மில்தார்ப்பில் 7 ஏக்கர் நிலம் வாங்கினார். வீடு கட்டினார். அரிவாள் செய்யும் தொழிலாளி ஒருவரின் குடும்பத்தோடு 1883-ம் ஆண்டு அங்கே குடியேறினார்.

கேம்பிரிட்ஜில் பாடம் சொன்ன கை, மண்வெட்டி பிடித்தது. பழமும் காய்கறியும் பயிரிட்டார். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு போனார்.

செருப்பு தைத்த சீமான்

ஒரு வேடிக்கை.

இந்தியாவில் வேலை பார்த்த ஒரு நண்பர், காஷ்மீரில் இருந்து கார்ப்பென்டருக்கு ஒரு ஜோடி செருப்பு அனுப்பினார். விரல் தெரியும் திறந்த செருப்பு.

கார்ப்பென்டர் போட்டுப் பார்த்தார். காற்று பட்டது. கால் சுகமாக இருந்தது. காலை மூடும் ஷூவைச் சவப்பெட்டி என்று கேலி செய்யத் தொடங்கி விட்டார்! அந்தச் செருப்பைப் பார்த்துத் தாமே செருப்பு தைக்கக் கற்றுக் கொண்டார். நண்பர்களுக்குத் தைத்துக் கொடுத்தார். விலைக்கும் விற்றார்.

சீமான் வீட்டுப் பிள்ளை செருப்பு தைப்பதா? அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது சாதாரண விஷயம் அல்ல.

நம் ஊரில் சாதிச் சுவர் இருப்பதைப் போல, அங்கே வர்க்கச் சுவர் இருந்தது. ஒருவன் வாய் திறந்து 2 வார்த்தை பேசினால் போதும். அவன் கனவானா, கூலிக்காரனா என்று தெரிந்து விடும். வேலைக்காரன் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். எஜமானோடு ஒரே மேஜையில் உட்காரக் கூடாது.

அந்தச் சுவரை இடிக்க வேண்டும் என்று கார்ப்பென்டர் எழுதினார், பேசினார். 1889-ம் ஆண்டு, "நாகரிகம்: அதன் காரணமும் பரிகாரமும்" என்ற புத்தகத்தை வெளியிட்டார். 1909-ம் ஆண்டு காந்தி எழுதிய "இந்து சுயராஜ்யம்" நூலில் அந்தப் புத்தகம் குறிப்பிடப்பட்டு இருக்கிறது.

தமிழரின் நட்பு

கார்ப்பென்டருக்குக் கேம்பிரிட்ஜில் இருந்த காலத்து நண்பர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு தமிழர்! இலங்கையைச் சேர்ந்த பொன்னம்பலம் அருணாசலம். பிற்காலத்தில் இலங்கை தேசிய காங்கிரசின் முதல் தலைவராக விளங்கியவர்.

அருணாசலம் பகவத் கீதையின் மொழிபெயர்ப்பு ஒன்றைக் கார்ப்பென்டருக்கு அனுப்பினார். கார்ப்பென்டர் படித்தார். மனதில் ஒரு விளக்கு ஏற்றியது போல் இருந்தது.

1890-ம் ஆண்டு கப்பல் ஏறி இலங்கைக்கு வந்தார். அப்போது அருணாசலம் குருநாகலில் நீதிபதியாக இருந்தார். அவருடைய குரு, ராமசாமி என்ற தமிழ்த் துறவி. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. கார்ப்பென்டருக்குத் தமிழ் தெரியாது. அருணாசலம் இடையே இருந்து மொழிபெயர்த்தார்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. நாட்டு மக்களோடு சமமாக உட்காருவதை வெள்ளைக்காரர்கள் கௌரவக் குறைவாக நினைத்தார்கள். அந்த நேரத்தில் கேம்பிரிட்ஜ்காரர் ஒருவர் தமிழ்த் துறவியின் முன் மாணவராக உட்கார்ந்தார். பல வாரம் பாடம் கேட்டார்.

"எல்லோருக்குள்ளும் இருப்பது ஒன்றே" என்பதே அவர் கேட்ட பாடத்தின் சாரம். பிறகு தென்னிந்தியக் கோவில்களையும் பார்த்து விட்டு ஊர் திரும்பினார். இந்தப் பயணத்தைப் பற்றி 1892-ம் ஆண்டு ஒரு புத்தகமும் எழுதினார்.

ஊர் திரும்பியவுடன்தான் அந்தச் சந்திப்பு நடந்தது.

ரயிலில் ஒரு பார்வை

1891-ம் ஆண்டு. ஷெப்பீல்டு பக்கத்தில் ஓடும் ஒரு ரயில்.

பெட்டியில் கார்ப்பென்டர் இருந்தார். அதே பெட்டியில் மெரிலும் இருந்தார். மெரிலுக்கு வயது 25 இருக்கும்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார்த்த உடனேயே ஒருவர் மனம் மற்றவருக்குத் தெரிந்து விட்டது! பேச்சு அதிகம் தேவைப்படவில்லை.

மெரில் யார்? ஷெப்பீல்டு நகரத்தின் ஏழைத் தெருவில் வளர்ந்தவர். இருண்ட சந்துகளும் நெருக்கமான வீடுகளும் உள்ள பகுதி அது. சிறு வயதிலேயே வேலைக்குப் போனார். பத்திரிகை அலுவலகம், ஓட்டல், இரும்புப் பட்டறை என்று கிடைத்த இடத்தில் கிடைத்த வேலை பார்த்தார். சாராயக் கடைப் பக்கமும் நடமாட்டம் உண்டு.

புத்தகம் படிக்கும் பழக்கம் இல்லை. ஆனால், நல்ல குரல். பாட்டுப் பாடுவார். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். மனதில் இருப்பதை அப்படியே சொல்லி விடுவார்.

கார்ப்பென்டரைச் சுற்றி அறிவாளிகள் கூட்டம் எப்போதும் உண்டு. அவர்கள் எல்லோரும் யோசித்துப் பேசுகிறவர்கள். மெரில் யோசிக்காமல் பேசுகிறவர். கார்ப்பென்டருக்குப் பிடித்ததே அதுதான்.

சந்தித்தார்கள். பழகினார்கள். ஆனால், ஒரே வீட்டில் வாழ 7 ஆண்டு காத்திருக்க வேண்டி இருந்தது.

அதோடு ஒரு பயமும் இருந்தது.

தலைமேல் தொங்கிய கத்தி

சட்டம்!

1885-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு புதுச் சட்டம் வந்தது. ஆணும் ஆணும் நெருங்கிப் பழகினால் 2 ஆண்டு வரை கடுங்காவல். தனி அறையில் நடந்தாலும் குற்றம். இருவரும் மனம் ஒப்பினாலும் குற்றம்.

10 ஆண்டுக்குப் பிறகு, 1895-ல், உலகத்தையே உலுக்கிய வழக்கு ஒன்று நடந்தது. புகழ் பெற்ற நாடக ஆசிரியர் ஆஸ்கார் ஒயில்டு மாட்டிக் கொண்டார்.

கோர்ட்டில் அவரைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். அவரோடு பழகிய வாலிபர்களில் ஒருவன் வேலைக்காரன். இன்னொருவன் குதிரைக்காரன். "இவர்களோடு உங்களுக்கு என்ன சகவாசம்?" என்கிற விதத்தில் வக்கீல் துருவித் துருவிக் கேட்டார். அந்தஸ்தைப் பற்றித் தமக்குக் கவலை இல்லை என்று ஒயில்டு பதில் சொன்னார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பணக்காரனும் ஏழையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதே சந்தேகத்துக்கு இடமாகி விட்டது! "சமமானவன் அல்லாதவனோடு நட்பு என்றால், உள்ளே ஏதோ தப்பு இருக்கிறது" என்று ஊர் நினைத்தது.

ஒயில்டுக்கு 2 ஆண்டு கடுங்காவல் கிடைத்தது. அவர் வாழ்வு அதோடு முடிந்தது. விடுதலை ஆகி 3 ஆண்டில், 1900-ல் இறந்து போனார்.

இந்த வழக்குக்குச் சற்று முன்புதான் கார்ப்பென்டர் ஒரு சிறு நூல் அச்சிட்டு இருந்தார். ஆணுக்கு ஆண் மேலும், பெண்ணுக்குப் பெண் மேலும் வரும் அன்பும் இயற்கையானதே என்று அதில் வாதாடி இருந்தார். கடையில் விற்கவில்லை. தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தார்.

ஒயில்டு கைதான பிறகு பதிப்பாளர்கள் பயந்தார்கள். கார்ப்பென்டரின் அடுத்த புத்தகத்தை வெளியிட ஒப்புக் கொண்டிருந்த கம்பெனி பின்வாங்கியது. மான்செஸ்டரில் இருந்த ஒரு தொழிலாளர் அச்சகம் 1896-ம் ஆண்டு அதை வெளியிட்டது.

நண்பர்கள் தடுத்தார்கள்

இப்படிப்பட்ட நேரத்தில், "மெரிலை வீட்டோடு வைத்துக் கொள்ளப் போகிறேன்" என்றார் கார்ப்பென்டர்.

நண்பர்கள் பதறினார்கள்.

இந்த நண்பர்கள் யார்? பழமைவாதிகள் அல்ல. ஏழை பணக்காரன் பேதம் ஒழிய வேண்டும் என்று மேடையில் பேசியவர்கள்!

அவர்களே என்ன சொன்னார்கள் தெரியுமா? "வீட்டில் பெண் இல்லாவிட்டால் ஒட்டடை தொங்கும். அவன் எங்கேயாவது சுற்றிக் கொண்டிருப்பான். நீங்கள் பட்டினி கிடப்பீர்கள். சாராயக் கடையில் வளர்ந்தவன். உங்கள் பெயர் கெட்டுப் போகும்" என்று அடுக்கினார்கள்.

கார்ப்பென்டர் கேட்கவில்லை. அப்போது அவர் வீட்டில் இருந்த தொழிலாளிக் குடும்பம் வேறு இடத்துக்குப் போயிற்று. பனிப் புயலில் மெரிலின் கைவண்டி வந்து சேர்ந்தது.

நண்பர்கள் சொன்னது நடந்ததா? நடக்கவில்லை.

மெரில் வீட்டைக் கண்ணாடி போல் வைத்துக் கொண்டார். சமைத்தார். துவைத்தார். மேஜையில் பூ வைத்தார். கார்ப்பென்டர் காலையில் எழுதுவார். பிறகு தோட்டத்து வேலை, செருப்பு வேலை. மாலையில் பியானோ வாசிப்பார். மெரில் பாடுவார்.

வெளியூரில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். எழுத்தாளர் வருவார், மந்திரி ஆகப் போகிறவர் வருவார், கொல்லுத் தொழிலாளி வருவார். எல்லோருக்கும் ஒரே மேஜைதான். சமைத்துப் போட்டவரும் அதே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இதுதான் சொர்க்கம்!

ஒரு நாள் மத பிரசாரகர் ஒருவர் வந்தார். சொர்க்கத்துக்கு வழி காட்டும் துண்டுத் தாளை மெரிலிடம் நீட்டினார்.

மெரில் வாங்கவில்லை.

சொர்க்கத்துக்குப் போக ஆசை இல்லையா என்று பிரசாரகர் கேட்டார். "நாங்கள் இருக்கும் இடமே சொர்க்கம்தான், தெரியவில்லையா? இதைவிட நல்ல இடம் எங்களுக்கு வேண்டாம்" என்கிற பாவனையில் பதில் சொல்லி அவரை அனுப்பி விட்டார் மெரில்!

இந்தச் சம்பவத்தைக் கார்ப்பென்டர் தம் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார்.

அப்படியானால், இருவருக்கும் நடுவில் இருந்த சுவர் அடியோடு இடிந்து விட்டதா?

இல்லை. நிலமும் வீடும் கார்ப்பென்டரின் பணத்தில் வந்தவை. புகழும் அவருடையது. வந்தவர்கள் கார்ப்பென்டரைப் பார்க்க வந்தார்கள். மெரிலைச் சமையல்காரராகவே நினைத்தவர்களும் உண்டு. மெரிலிடம் குடிப்பழக்கமும் இருந்தது. அதனால் வீட்டில் மனவருத்தமும் வந்தது.

இன்னொரு உண்மையும் உண்டு. அந்தச் சுவர்தான் அவர்களுக்கு ஒரு மறைப்பும் ஆயிற்று! ஒரு கனவான், தமக்கு ஒரு வேலையாள். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். வெளியார் பார்வைக்கு இதில் என்ன அதிசயம்? இருவருமே சீமான்களாக இருந்திருந்தால், "இவர்கள் ஏன் கல்யாணம் செய்து கொள்ளவில்லை?" என்று கேட்டிருப்பார்கள். எஜமான் - வேலையாள் என்ற பெயர், அவர்கள் காதலுக்குக் குடையாக இருந்தது.

ஆனால், கார்ப்பென்டர் அந்தக் குடைக்குள்ளேயே ஒளிந்து கொள்ளவில்லை. 1908-ம் ஆண்டு தன்பால் அன்பு பற்றி மீண்டும் ஒரு புத்தகம் எழுதினார். இந்தத் தடவை ஊரறியக் கடையில் விற்றது. 1916-ல் வெளிவந்த சுயசரிதையில், மெரில் தம் வாழ்வுத் துணை என்பதை மறைக்காமல் எழுதினார்.

இதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. 1909-ம் ஆண்டு வாக்கில் உள்ளூர் ஆள் ஒருவர் துண்டுப் பிரசுரம் அச்சடித்தார். கார்ப்பென்டரைத் திட்டி ஊரெல்லாம் பரப்பினார். வழக்கு வந்து குற்றம் நிரூபணமானால் போதும். இருவரும் சிறைக்குப் போயிருப்பார்கள்.

நல்ல வேளை! வழக்கு வரவில்லை. தோட்டத்தில் வேலை செய்து, கடைத்தெருவில் பேசிப் பழகிய இருவரையும் ஊர் அறிந்திருந்தது. ஊர்க்காரர்கள் அவர்களை அவர்கள் பாட்டில் விட்டு விட்டார்கள்.

ஒரு தட்டு, ஒரு நாவல்!

1913-ம் ஆண்டு ஒரு நாவல் ஆசிரியர் மில்தார்ப்புக்கு வந்தார். அவர் பெயர், ஈ. எம். பார்ஸ்டர். அவரும் கேம்பிரிட்ஜில் படித்தவர். அவர் மனமும் ஆண்களையே நாடியது. அதை ஊரறியச் சொல்ல முடியாமல் உள்ளுக்குள் புழுங்கிக் கொண்டிருந்தார்.

வீட்டில் மெரில், அவரைப் பின்புறம் லேசாகத் தட்டினார்.

அவ்வளவுதான்! பார்ஸ்டருக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு நாவலின் கதையே அந்த நொடியில் மனதில் வந்து விட்டதாகப் பிற்காலத்தில் எழுதி வைத்தார்.

அந்த நாவலின் பெயர், "மாரிஸ்". அதில் கதாநாயகன் படித்த, வசதியான வாலிபன். அவனுடைய காதலன், ஒரு பண்ணையின் வேட்டைக்காட்டுக் காவலாளி. எத்தனையோ இடைஞ்சல்கள் வருகின்றன. கடைசியில் இருவரும் சேருகிறார்கள்.

இந்த முடிவுதான் ஆபத்து! காதலர்கள் தூக்குப் போட்டுக் கொண்டு செத்தால் அச்சிட்டு விடலாம். சந்தோஷமாக வாழ்ந்தார்கள் என்று எழுதினால்? குற்றத்தைத் தூண்டியதாக ஆகி விடும்.

ஆனாலும், பார்ஸ்டர் முடிவை மாற்றவில்லை. மில்தார்ப்பில் இரண்டு பேர் சந்தோஷமாக வாழ்வதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். பார்த்ததைப் பொய் என்று எப்படி எழுதுவார்?

நாவலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நம்பிக்கையான நண்பர்களுக்கு மட்டும் படிக்கக் கொடுத்தார். 1970-ம் ஆண்டு அவர் இறந்தார். அடுத்த ஆண்டு, 1971-ல், நாவல் வெளிவந்தது. எழுதி 57 ஆண்டுக்குப் பிறகு! 1987-ல் அது சினிமாவாகவும் வந்தது.

கடைசி நாட்கள்

இருவருக்கும் வயதாயிற்று. மலைப் பகுதியின் குளிர் தாங்கவில்லை. 1922-ம் ஆண்டு லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள கில்டுபோர்டு என்ற ஊருக்குக் குடிபோனார்கள்.

1924-ல் கார்ப்பென்டருக்கு 80 வயது நிறைந்தது. அப்போது இங்கிலாந்தில் முதல் தடவையாகத் தொழிற்கட்சி ஆட்சி நடந்து கொண்டிருந்தது. மந்திரிகள் அனைவரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து மடல் ஒன்று அவருக்கு வந்தது.

அந்த மந்திரிகள் ஆண்ட நாட்டின் சட்டப்படி, அவரும் அவருடைய துணைவரும் குற்றவாளிகள்!

மெரில் கிட்டத்தட்ட 22 வயது இளையவர். அவர்தான் கார்ப்பென்டரைக் கடைசிக் காலத்தில் கவனித்துக் கொள்வார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

விதி வேறு விதமாக இருந்தது. 1928-ம் ஆண்டு ஜனவரி மாதம் மெரில் இறந்து போனார்.

கார்ப்பென்டர் இடிந்து போனார். 83 வயதுக் கிழவருக்கு வீடு வெறிச்சோடி விட்டது. சில மாதத்தில் பக்கவாதம் தாக்கியது. 1929-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி அவரும் கண்ணை மூடினார்.

கில்டுபோர்டு கல்லறைத் தோட்டத்தில் மெரிலை அடக்கம் செய்த அதே குழியில் கார்ப்பென்டரையும் அடக்கம் செய்தார்கள்.

சட்டம் மாறியது

அவர்கள் செத்து 38 ஆண்டு ஆன பிறகு, 1967-ல், இங்கிலாந்து சட்டத்தை மாற்றியது. 21 வயது நிறைந்த ஆண்கள் இருவர் தனிமையில் பழகினால் குற்றம் இல்லை என்று ஆயிற்று. 2014-ம் ஆண்டு முதல் அவர்கள் சட்டப்படி கல்யாணமும் செய்து கொள்ளலாம்.

இங்கிலாந்துக்காரர்கள் இந்தியாவில் விட்டுச் சென்ற 377-வது பிரிவு அதன் பிறகும் நீடித்தது. 2018-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி, வயது வந்த இருவர் மனம் ஒப்பிப் பழகுவது குற்றம் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது.

சட்டத்தை ஒரு நாளில் மாற்றி விடலாம். "அவன் நம் அந்தஸ்துக்குத் தகுந்தவனா?" என்ற கேள்வி மட்டும் வீட்டுக்கு வீடு இன்னும் இருக்கிறது. ஆணும் பெண்ணும் காதலித்தாலும் அந்தக் கேள்வி வருகிறது. ஆணும் ஆணும் காதலித்தால் சுவர் இரண்டாகி விடுகிறது.

கார்ப்பென்டருக்கும் மெரிலுக்கும் நடுவிலும் இரண்டு சுவர் இருந்தன. ஒன்றைச் சட்டம் கட்டியது. மற்றொன்றைப் பணமும் படிப்பும் கட்டின. இரண்டையும் அவர்களால் முழுக்க இடிக்க முடியவில்லை. ஆனால், இரண்டிலும் ஒரு வாசல் வைத்தார்கள்.

பனிப் புயலில் கைவண்டியோடு வந்தவருக்கு அன்று ஒரு கதவு திறந்தது. அந்தக் கதவுக்குள் 30 ஆண்டு குடித்தனம் நடந்தது.

சீமான் வீட்டுப் பிள்ளையும் ஏழைத் தெரு வாலிபரும் இன்று ஒரே மண்ணுக்குள் தூங்குகிறார்கள். அங்கே பின்வாசல் இல்லை!